ஸ்டெல்லாவின் கல்லில் ஒரு வரி

“தம்பி சவரி, கல்லறைத் திருநாளுக்குள் கல் வைக்க வேண்டும். உன் அத்தானுக்கும் ஸ்டெல்லாவுக்கும் சேர்த்து ஒரே கல். தேதிகள் உன்னிடம்தான் சரியாக இருக்கும். ஸ்டெல்லா பெயருக்குக் கீழே என்ன எழுதுவது என்பதில் இங்கே தகராறு. நீ நேரில் வந்தால்தான் முடியும்.”

அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை, பினாங்கில் என் கைப்பேசிக்கு வந்த செய்தி இது. அனுப்பியவர் பிலோமினா அக்கா, என் பெரியம்மா மகள். சென்னைத் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேண்டாத ஒரு சொல் அவர் எழுத்தில் இருக்காது. தகராறு என்று எழுதியிருந்தால் அது தகராறுதான்.

நான் பினாங்குத் துறைமுக அலுவலகத்தில் கப்பல் வந்த நாளையும் போன நாளையும் எழுதியே ஓய்வு பெற்றவன். அந்தப் பழக்கத்தில், சாந்தோமிலிருந்து நாலா பக்கமும் பிரிந்து போன எங்கள் குடும்பத்தின் பிறப்பு, திருமணம், இறப்புத் தேதிகளைத் தொகுத்து வருகிறேன். ஸ்டெல்லா, பிலோமினா அக்காவின் ஒரே மகள். தென்சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஈர்ப்பு அலைகளை ஆராய்ந்தவள். போன ஆண்டு நவம்பரில், கல்லறைத் திருநாள் கழிந்த மறு வாரம், நாற்பத்தோரு வயதில் மாரடைப்பில் போய்விட்டாள். எனக்குக் கண் அறுவை நடந்த வாரம் அது. அடக்கத்துக்கு வர முடியவில்லை. அதனால் இந்த முறை யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை சென்னையில் இறங்கியபோது மழை. தி.நகரில் நான் வழக்கமாகத் தங்கும் லாட்ஜின் வாசலில் தீபாவளிப் பட்டாசுக் காகிதம் நனைந்து சிவப்புக் கூழாகக் கிடந்தது. துணிக்கடைகளில் கூட்டம் ஓய்ந்து, விற்பனைப் பையன்கள் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பினாங்கிலும் இதே மாதங்களில் மழைதான். ஆனால் அங்கே மழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு மன்னிப்புக் கேட்பதுபோல் வெயில் அடிக்கும். இங்கே வந்தால் உட்கார்ந்துவிடுகிறது.

சாந்தோமுக்கு ஆட்டோ பிடித்தேன். சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர். எனக்கு நேரமாகிறது, எப்படியாவது போய்விட முடியாதா என்று கேட்டேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“சார், வண்டிக்கு நீச்சல் தெரியாது. உனுக்குத் தெர்ஞ்சா நீ போய்க்கினே இரு, நான் சுத்திக்கினு வந்து அந்தாண்ட ஏத்திக்கிறேன்.”

சுற்றிக்கொண்டுதான் போனோம். மயிலாப்பூருக்குள் மெட்ரோவுக்காகச் சாலையைத் தோண்டித் தகரத்தால் அடைத்திருக்கிறார்கள். எந்தத் தெரு எந்தப் பக்கம் திறந்திருக்கும் என்பது அன்றாடம் மாறுமாம். ஓட்டுநர் மூன்று இடத்தில் வழி கேட்டார். மூன்று பேரும் வேறு வேறு சொன்னார்கள். நான்காவதாக ஒரு காவலரைக் கேட்டபோது அவர், “எனக்கே தெரியலப்பா, நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு” என்றார்.

அக்கா வீடு கோயிலுக்குப் பின்னால், கடலை நோக்கி இறங்கும் தெருவில், இரண்டாம் மாடி. எனக்காக வஞ்சிரம் வறுத்து வைத்திருந்தார். ஆறிப்போயிருந்தது. மறுபடி தோசைக்கல்லில் போட்டுச் சூடாக்கிக்கொண்டே பேசினார்.

“இளைச்சிட்ட. அங்க சோறு போடுறதில்லயா? சரி, சாப்பிடு. சாப்பிட்டதும் இதப் படி.”

தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தார். கல்லுக்கான வாசகம், அக்காவின் நேரான கையெழுத்தில். முதலில் அத்தான் ஆரோக்கியசாமியின் பெயரும் தேதிகளும். அடுத்தது ஸ்டெல்லாவின் பெயரும் தேதிகளும். அதன் கீழே: ‘ஆதிக் கருந்துளையைக் கண்டுபிடித்தவர்.’

“இதுலதான் தகராறு” என்றார் அக்கா. “இந்த வரியைப் போடக்கூடாதுன்னு அந்த ரகு சொல்றான். அவகூட வேலை பார்த்தவன். இன்னும் உறுதியாகலயாம். ஒரு வருஷமா உறுதியாகிட்டே இருக்கு. எம் பொண்ணு செத்து மண்ணாயிட்டா, இவங்களுக்கு உறுதியாகல.”

நடந்ததை அவர் சொல்லி நான் புரிந்துகொண்டது இது. போன ஆண்டு ஆகஸ்டில் ஒரு நாள் ஸ்டெல்லா வேலையிலிருந்து வந்து, சமையலறை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, “அம்மா, ஒண்ணு மாட்டியிருக்கு போல” என்றாளாம். சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கருவிகளில் பதிவான பழைய தரவுகளை அவள் அலசிக்கொண்டிருந்தாள். அதில், ஒரு செப்டம்பர் 8 அன்று, சூரியனைவிட எடை குறைந்த இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுற்றி இணைந்ததுபோல ஓர் அசைவு இரண்டு கருவிகளிலும் இருந்தது. அது உண்மையானால், பிரபஞ்சம் பிறந்த முதல் நொடிக்குள் உண்டான கருந்துளைகள் அவை. இதுவரை யாரும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பார்க்காதவை. சோதனை முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்பது அவர்கள் குழுவின் விதி. அம்மாவிடம் மட்டும் விட்டுவிட்டாள்.

செப்டம்பர் 8 வேளாங்கண்ணி மாதா திருநாள். அக்காவுக்கு அதற்குமேல் எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. அடுத்து வந்த அந்தத் திருநாளில், காலைப் பூசைக்கு நன்றிக் கருத்து கொடுத்துவிட்டார். பூசை தொடங்கும்முன், யார் எதற்காக வேண்டுகிறார்கள் என்ற அன்றைய கருத்துகளைப் படிப்பது கோயில் வழக்கம். இன்னாருடைய ஆன்மா இளைப்பாற்றிக்காக, இன்னாருக்குச் சுகப்பிரசவம் வேண்டி என்று வரிசையாகப் படித்துக்கொண்டே வந்த உபதேசியார், அதே குரலில், “ஸ்டெல்லாவுக்குக் கருந்துளை கிடைத்ததற்கு நன்றியாக, தாயார் பிலோமினா” என்று ஒலிபெருக்கியில் படித்துவிட்டார்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் பல நாடுகளில் வாய்மூடிக் காத்த செய்தி, சாந்தோமில் காலைப் பூசையில் வெளியானது. எந்தச் சேதமும் இல்லை. பூசை முடிந்ததும் இரண்டு பெண்கள் அக்காவிடம் வந்து, ஸ்டெல்லாவுக்கு அதை எப்போது எடுக்கப்போகிறார்கள் என்று கரிசனமாக விசாரித்தார்களாம்.

இதைச் சொல்லும்போது அக்கா சிரித்தார். பிறகு தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

“அவங்க கட்டுரை போடுவாங்களாம். அதுல ஆயிரம் பேர் பேரு இருக்குமாம். அகர வரிசைல. இவ பேரு எங்கயோ கடைசில கிடக்கும். கண்டுபிடிச்சவ யாருன்னு யாருக்குடா தெரியும்? கல்லுல நான் போடலன்னா வேற எங்க இருக்கும்?”

தேதிகளைச் சரிபார்த்தேன். அத்தானின் பிறந்த நாளில் ஒரு நாள் பிழை இருந்தது, திருத்தினேன். வந்த வேலையில் என்னால் முடிந்தது அன்று அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை அடையாறில் ஒரு சிற்றுண்டிக் கடையில் ரகுநாதனைச் சந்தித்தேன். நாற்பது வயதிருக்கும். மயிலாப்பூர்க்காரர். மழைக்கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, எனக்கும் சேர்த்துப் பொங்கல் சொன்னார். பினாங்கில் எங்களுக்கு இந்த நேரத்தில் ரொட்டி சானாயும் பருப்புக் கறியும். இந்தப் பொங்கலில் நெய் மிதந்தது. மிளகைப் பொறுக்காமல் விழுங்க வேண்டும் என்று ரகு சொன்னார். ஆனால் தன் தட்டை அவர் தொடவில்லை.

“நான் சொல்லக்கூடாதது நிறைய இருக்கு சார். ஆனா ஏற்கெனவே மைக்ல சொல்லியாச்சு, அதனால கொஞ்சம் சொல்றேன்.”

முதலில் அடிப்படையைச் சொன்னார். எடை மிகுந்த இரண்டு பொருள்கள் சுற்றிச் சுற்றி வந்து இணையும்போது அண்டவெளியே அதிர்கிறது. அந்த அதிர்வு அலையாகப் பரவி நம்மைக் கடந்து போகிறது, நம்மை இம்மியளவு நீட்டிச் சுருக்குகிறது, நமக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் இரண்டு மூலைகளில், நான்கு கிலோமீட்டர் நீளக் கைகள் கொண்ட கருவிகள் லேசர் ஒளியால் அதை அளக்கின்றன. முதல் அலை பதிவானது 2015 செப்டம்பர் 14. உலகுக்குச் சொன்னது அடுத்த பிப்ரவரியில். இந்த இரண்டு தேதிகளும் என்னிடம் முன்பே இருந்தன. இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை அன்றுதான் கேட்டேன்.

“சந்தேகப்பட்டுண்டிருந்தோம்” என்றார் ரகு. “எங்க வேலையே அதான். லாரி போனா ஆடும். கடல்ல அலை பெருசா அடிச்சா ஆடும். ஒரு தடவை குழாய்ல படிஞ்ச பனியை அண்டங்காக்கா கொத்தினது பதிவாயிருக்கு. அதையும் எங்க மனுஷா தேடிக் கண்டுபிடிச்சா.”

“ஸ்டெல்லா பார்த்தது?”

“நட்சத்திரம் செத்துக் கருந்துளை ஆகும் சார். அப்படி ஆனா அது சூரியனைவிடப் பல மடங்கு கனமாத்தான் இருக்கும். சூரியனைவிட லேசா ஒண்ணு இருந்தா, அது எந்த நட்சத்திரமும் செத்து வந்ததில்லை. ஆரம்பத்துலயே, நட்சத்திரமே இல்லாத காலத்துல, வெறும் நெருக்கத்துல உண்டானது. நம்ம கண்ணுக்குத் தெரியாத பொருள்தான் பிரபஞ்சத்துல அதிகம்னு படிச்சிருப்பேள். கரும்பொருள். அதுல ஒரு பங்காவது இந்த ஆதிக் கருந்துளைகளா இருக்கலாம்னு ரொம்ப நாளாச் சொல்லிண்டிருக்கா. ஒண்ணு நிஜமா கிடைச்சா, அந்தக் கதவு திறக்கும்.”

யாரும் சாகாமல் பிறந்த கருந்துளை என்று நான் என் மனத்தில் குறித்துக்கொண்டேன். காபி வந்தது. ரகு அதையும் தொடவில்லை.

“அந்த அம்மா என்னைத் திருடன் மாதிரிப் பாக்கறா. தப்பில்லை. ஆனா சார், பிரச்னை இருக்கு. லேசான பொருள்னா சமிக்ஞை ரொம்ப நேரம் நீளும். நிமிஷக் கணக்குல. அதுக்குள்ள வேற சத்தம் விழ நிறைய இடம். இதுல ஒரு கருவில, அதே சமயத்துல, வேற ஏதோ சத்தமும் இருக்கு. என்னன்னு தெரியலை. காக்காயான்னும் தெரியலை.”

“அப்படியானால் எப்படித்தான் முடிவு செய்வீர்கள்?”

அதற்கு அவர் சொன்ன பதில் என்னை அந்த நாள் முழுவதும் விடவில்லை. உண்மையான அலை ஒளியின் வேகத்தில் வருகிறது; அதனால் இரண்டு கருவிகளையும் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் தொட்டாக வேண்டும். ஆகவே அவர்கள் வேண்டுமென்றே ஒரு கருவியின் கடிகாரத்தைத் தவறாக வைக்கிறார்கள். அதன் பதிவைச் சில நொடிகள் தள்ளி, மற்றதோடு ஒப்பிடுகிறார்கள். இப்போது பொருந்துவது எதுவும் உண்மையான அலையாக இருக்க முடியாது, தற்செயல் மட்டுமே. இன்னும் சில நொடிகள் தள்ளி, மறுபடியும். இப்படித் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்து, வெறும் தற்செயல் எவ்வளவு அடிக்கடி இப்படி ஒரு பொருத்தத்தைத் தரும் என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கை போதிய அளவு சிறியதாக இருந்தால்தான் வாயைத் திறப்பார்கள்.

“ஸ்டெல்லாவோடதுல?”

“வாயைத் திறக்கற அளவுக்குச் சின்னது இல்லை. தூக்கி எறியற அளவுக்குப் பெருசும் இல்லை. ரெண்டுங்கெட்டானா நிக்கறது.” காபியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: “இது போலியா இருக்கலாம்னு குழுல முதல்ல எழுதினது யார் தெரியுமா? அவதான். எங்களுக்கெல்லாம் உற்சாகம். அவதான் தண்ணி ஊத்தினா. அதை அந்த அம்மாகிட்ட நான் எப்படிச் சொல்றது? நான் சொன்னா நம்புவாளா?”

வாழ்நாள் முழுவதும் தவறான தேதிகளைத் திருத்தியவன் நான். உண்மையைத் தெரிந்துகொள்ளத் தேதியை வேண்டுமென்றே தவறாக வைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிது.

சனிக்கிழமை காலை, மழை விட்ட நேரத்தில், கல் செதுக்குகிறவரைப் பார்க்க அக்காவுடன் போனேன். கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டித் தார்ப்பாய் போட்டு வேலை செய்கிறார். பெயர் குமார். கருங்கல் பலகைகள் சுவரில் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் பாதிப் பெயர், பாதித் தேதி.

“வாம்மா. எழுத்து குட்த்துருவியா இன்னிக்கி? ரெண்டாந்தேதிக்குள்ள கையொடிய வேலை கீதும்மா. நீ ஒண்ணு சொல்ற. அந்தக் கண்ணாடி போட்ட சாரு வந்து, வெட்டாத வெட்டாதன்றாரு. நான் எத்த வெட்றது, எத்த வுடுறது? கல்லு இன்னா சிலேட்டா, தொட்ச்சிட்டு எய்துறதுக்கு?”

“அவன் இங்கயும் வந்தானா?” என்றார் அக்கா.

“ரெண்டு தபா. பாவம், அயுதுருவாரு போல இருந்துச்சி.”

எங்கள் கல்லைக் காட்டினார். அத்தானின் பெயர் முடிந்திருந்தது. தேதியை நான் சரிபார்த்துச் சொன்னபின் வெட்டுவதற்காக விட்டிருந்தார். நான் பெருமூச்சு விட்டேன். ஸ்டெல்லாவின் பெயரைச் சுண்ணாம்புக் கோட்டில் வரைந்திருந்தார். அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம். அதற்கும் கீழே இன்னும் அகலமாக, வழவழவென்று, எதுவும் வரையப்படாத இடம்.

“அது?” என்று கேட்டேன்.

“அது அம்மாவோட எடம் சார்” என்றார் குமார், சாதாரணமாக. ஒரே குடும்பக் குழியில் அடுத்தடுத்து வைப்பது இங்கே வழக்கம், நிலம் இல்லை. கல் வைக்கும்போதே உயிரோடு இருப்பவருக்கும் இடம் விட்டுவிடுவார்கள். எங்கள் தீவில் மலைச்சரிவில் ஆளுக்கொரு குழி. இந்த ஏற்பாடு எனக்குப் பழக்கமில்லை. அக்கா அந்த வழவழப்பான பகுதியில் படிந்திருந்த கல்தூளைச் சேலை முந்தானையால் துடைத்தார், மேசையைத் துடைப்பதுபோல.

“செவ்வாக்கெழமைக்குள்ள சொல்லிடும்மா. அப்பால என்னைக் கொற சொல்லாத.”

பிற்பகலில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. லாட்ஜ் அறையில் அடைபட்டுக் கிடந்தேன். மடிக்கணினியில் குடும்பத் தொகுப்பைத் திறந்து, ரகுவின் முறையைச் செய்து பார்த்தேன். செப்டம்பர் 8: மாதா திருநாள். ஒரு நாள் தள்ளினேன்: செப்டம்பர் 9 என் பாட்டனார் கப்பலேறிய நாள். இன்னொரு நாள்: ஒரு சித்தியின் திருமணம். மறு திசையில் ஒரு நாள்: அத்தானின் தங்கையின் ஞானஸ்நானம். எங்கே தள்ளினாலும் ஏதாவது ஒன்று பொருந்தியது. எங்கள் குடும்பம் பெரியது. நாட்காட்டியில் புனிதர்களும் நிறைய. மாதா திருநாளில் விழுந்தது என்பது எதற்கும் சான்று இல்லை. ஒரு தொகுப்பாளனாக எனக்கு இது தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததில் மகிழ்ச்சி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு அக்காவோடு போனேன். பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் மாடிப்படியில் ரகு நின்றுகொண்டிருந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, “உள்ள வாப்பா. ஈரத்துல நிக்காத” என்றார்.

ஆப்பமும் தேங்காய்ப்பாலும். ரகு இந்த முறை சாப்பிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு தன் பையிலிருந்து ஒரு பழைய கட்டுரையின் அச்சை எடுத்தார். ஏற்கெனவே வெளியானது, எல்லாரும் பார்க்கக்கூடியது. முதல் பக்கங்கள் முழுவதும் பெயர்கள், பொடி எழுத்தில். ஓர் இடத்தில் விரல் வைத்தார்.

“இவரும் எங்க குழுதான். வேலை முடியறதுக்குள்ள போயிட்டார். பேரை எடுக்க மாட்டோம். ஒரு குறி போடுவோம்.”

அக்கா கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். பெயரின் தலைமாட்டில் ஒரு சிறு குறி.

“சிலுவை போட்டிருக்கீங்க” என்றார்.

“சிலுவை இல்லம்மா, அச்சுல அது ஒரு…” என்று தொடங்கிய ரகு நிறுத்திக்கொண்டார். “ஆமாம்மா.”

“எம் பொண்ணு பேரும் இப்படித்தான் வருமா?”

“இது நிஜம்னு ஆனாலும் வரும். இல்லைன்னு ஆனாலும் வரும். தேடினோம், கிடைக்கலைன்னும் கட்டுரை போடுவோம். அதுலயும் அவ பேர் இருக்கும்.”

நான் என் பங்குக்கு, செப்டம்பர் 8 பற்றி முந்தைய நாள் கண்டதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அக்கா பாதியிலேயே கையமர்த்தினார்.

“எங்க வீட்ல பொறந்தவங்க, செத்தவங்க, கட்டினவங்கன்னு பார்த்தா எந்த நாள்டா சும்மா இருக்கும்? அது எனக்குத் தெரியாதா? டிரங்க் கால்ல இரைச்சலுக்கு நடுவுல ஒரு பேரு கேக்கும். நமக்குத் தெரிஞ்ச பேரு மாதிரியே கேக்கும். ஆனா திருப்பிச் சொல்லச் சொல்லி, உறுதியானாத்தான் லைன் குடுப்போம். முப்பது வருஷம் அதைச் செஞ்சேன்.”

கீழே ஏதோ கனரக வண்டி போயிற்று. அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் மெல்ல ஒன்றோடொன்று உரசின. ரகு தன்னையறியாமல் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அக்கா அதைக் கவனித்தார்.

“அவளும் இப்படித்தான் திரும்புவா” என்றார். “சோறு திங்கும்போது லாரி போனாக்கூட.”

பிறகு, எங்களில் யாரையும் பார்க்காமல், இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“அன்னிக்கு, பூசைல படிச்சாங்களே. வெளிய வந்ததும் என்கூடச் சண்டை. அப்புறம் சிரிச்சுட்டா. அப்புறம் சொன்னா: அம்மா, கோயில் ஆபீசுக்குப் போய் மாத்திட்டு வா, நன்றின்னு குடுக்காதே, வேண்டுதல்னு குடு, இன்னும் கிடைக்கல. நான் மாட்டேன்னுட்டேன். குடுத்த நன்றியைத் திருப்பி வாங்கறதான்னு கேட்டேன். அவ விடல. அடுத்த வாரம், அதுக்கடுத்த வாரம், சொல்லிட்டே இருந்தா. நான் மாத்தல. நவம்பர் வந்துடுச்சு.”

ரகு தலையைக் குனிந்துகொண்டார். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வெள்ளிக்கிழமை கேட்டாரே, அதை இனி அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கா எழுந்து தண்ணீர் குடித்தார். “கல்லுல போட்டுட்டா மாத்த முடியாது, இல்ல?” என்றார். கேள்வி யாருக்கும் இல்லை.

திங்கட்கிழமை காலை மூவரும் ஓர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போனோம். குமார் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அக்கா புதிய தாளை நீட்டினார். அத்தானின் பெயர், திருத்திய தேதி. ஸ்டெல்லாவின் பெயர், தேதிகள். கீழே: ‘விண்ணின் அசைவுகளை ஆராய்ந்தவர்.’

“அவ்ளோதானா? நல்லாக் கீது” என்றார் குமார். “சின்ன வரி. சீக்கிரம் முடிச்சிருவேன்.”

“அதுக்குக் கீழ இருக்குற எடத்தையும் அவளுக்கே விடு.”

“அது உன் எடம்மா.”

“தெரியும். எம்பேரைப் பக்கவாட்டுல போட்டுக்கலாம். கல்லு கனமாத்தானே இருக்கு? ஒரு பேருக்கு எடம் இருக்கும்ல?”

குமார் கல்லின் விளிம்பை விரலால் அளந்தார். இருக்கும் என்று தலையாட்டினார். ஆனாலும் அவருக்கு மனம் ஒப்பவில்லை.

“சைடுல போட்டா யாருக்கும்மா தெரியும்? புல்லு மறைச்சிரும். சரி, மேல இன்னாத்துக்கு எடம்? என்னா வரி வரப்போவுது?”

“இவங்க சோதனை பண்ணிட்டு இருக்காங்க. உண்மைன்னு ஆச்சுன்னா, கண்டுபிடிச்சான்னு போடணும்.”

“ஆவலேன்னா?”

“ஆகலேன்னா வழவழன்னு இருக்கட்டும். துடைக்கச் சுலபம்.”

ரகு திரும்பி நின்றுகொண்டார். மழைக்கோட்டின் பித்தானை வெகுநேரம் மாட்டிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, கல்லறைத் திருநாள். பிற்பகலிலிருந்தே கூட்டம். சாமந்தி, ரோஜா, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி. குடும்பம் குடும்பமாகக் கல்லறைகளைக் கழுவிப் பூப்போட்டார்கள். பக்கத்துக் கல்லறையில் ஒரு தாய் தன் பிள்ளையை, “தாத்தா மேல ஏறாதடா, இறங்கு” என்று அதட்டினாள். வானம் மூடியிருந்தாலும் மழை இல்லை. சாமியார் நடைபாதையில் மேடை போட்டுப் பூசை வைத்தார். கருத்துகளைப் படித்தவர் அதே உபதேசியார். நீண்ட பட்டியல். ஸ்டெல்லாவின் பெயர் வந்தது: ஆன்மா இளைப்பாற்றிக்காக. உடனே இன்னொன்றும் வந்தது: “மகள் தொடங்கிய வேலை உண்மையாக முடிய வேண்டுதலாக, தாயார் பிலோமினா.”

அக்கா கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்தது.

ரகு சற்றுத் தள்ளி, கைகட்டி நின்றார். பூசை முடிந்ததும் வந்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். காற்று அணைத்துவிட்டது. மறுபடி ஏற்றினார். வெற்றிடமாக விட்ட அந்தக் கருங்கல் பரப்பில் சுடர் தெரிந்தது; எழுத்து வெட்டிய இடங்களில் தெரியவில்லை.

அக்கா என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். பினாங்கில் எங்கள் பக்கத்துக் கரையில் நின்றால் எதிரே ஒரு தரை தெரியும், விளக்குகள் தெரியும். இங்கே எதிரே ஒன்றும் இல்லை. அலை மட்டும் வந்துகொண்டிருந்தது. திரும்பும்போது, “ஊருக்குப் போனதும் உன் தொகுப்புல என்ன எழுதுவ?” என்று கேட்டார். எழுதுவதை அனுப்புகிறேன் என்றேன்.

இந்தக் கட்டுரையை ரகு ஒரு முறை படித்துப் பார்த்தார். அந்த செப்டம்பர் 8 எந்த ஆண்டு என்பதை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார், விட்டிருக்கிறேன். என் தொகுப்பிலும் விட்டேன்; ஆண்டு இல்லாத தேதியை அங்கே எழுதுவது இதுவே முதல் முறை. அதில், ஸ்டெல்லாவின் பெயருக்கு எதிரே, அக்காவுக்கு அனுப்பி அவர் சரி சொன்ன வாசகம் இது:

‘செப்டம்பர் 8 அன்று இரண்டு கருவிகளிலும் பதிவான அசைவை முதலில் கண்டவர், அதை முதலில் சந்தேகித்தவரும் இவரே. அது ஆதிக் கருந்துளைகள் இணைந்ததால் வந்ததா, வேறு இரைச்சலா என்பது இந்தப் பதிவை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.’